எண் வாங்கிய நாற்காலி

அருங்காட்சியகத்து மேல்மாடிக் கூடத்தின் ஜன்னல்களைத் திறந்து கொக்கி மாட்டி, கண்ணாடிப் பெட்டிகளை உலர்ந்த துணியால் ஒரு முறை துடைத்துவிட்டால் மாடியக்காவின் வேலையில் கைகால் அசைகிற பகுதி முடிந்துவிடும். அதன் பிறகு சாயங்கால மணி அடிக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. யாரும் எதையும் தொடக்கூடாது, பெட்டியின் மேல் சாயக்கூடாது, குழந்தைகள் கண்ணாடியில் மூக்கை வைத்துத் தேய்க்கக்கூடாது. சும்மா பார்ப்பதற்கா சம்பளம் என்று கேட்கிற சொந்தக்காரர்கள் இருந்தார்கள். ஒரு நாள் வந்து நின்று பார்த்தால் தெரியும் என்பாள் அவள். யாரும் வந்ததில்லை.

நிற்பதில்தான் வம்பே. அவளுக்கு இரண்டு காலிலும் நரம்பு சுருட்டிக்கொள்ளும் நோய். முழங்காலுக்குக் கீழே நீல நரம்புகள் புடைத்து வளைந்து வளைந்து ஓடின. இடது கணுக்கால் மத்தியானத்துக்குள் வீங்கி, செருப்பு வாரின் தடம் சதையில் பதிந்துவிடும். ஆஸ்பத்திரியில் டாக்டர் இறுக்கமான காலுறை எழுதிக்கொடுத்து, "ரொம்ப நேரம் நிக்காதீங்க, புண்ணாயிடும், அப்புறம் ஆறவே ஆறாது" என்றார். அந்தச் சீட்டை அவள் தன்னை வேலைக்கு எடுத்த ஏஜென்சியில் காட்டவில்லை. நிற்க முடியாதவளுக்குக் காவல் வேலை எதற்கு என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள். போன வருஷம் கீழ்த்தளத்துப் பெண் ஒருத்திக்கு அப்படித்தான் சொன்னார்கள்.

அவளைக் காப்பாற்றிவந்தது ஒரு நாற்காலி. தூணுக்குப் பின்னால், வாசலில் இருந்து பார்த்தால் பாதி மறைகிற இடத்தில் கிடந்தது. கை வைத்த மர நாற்காலி. முதுகுச் சட்டத்தில் மூன்று கம்பி, ஒரு கால் மட்டும் கொஞ்சம் குட்டை. பல வருஷத்துக்கு முன்னால் தச்சு வேலை பார்க்கும் ஆணியண்ணன் நிலவறையில் உடைந்த சாமான்களுக்கு நடுவே அதைக் கண்டெடுத்து, பசை போட்டு இறுக்கி, தோளில் சுமந்து மாடிக்குக் கொண்டுவந்து வைத்தார். எப்போதும் உதட்டில் இரண்டு ஆணியைக் கவ்விக்கொண்டே பேசுவதால் அவருக்கு அந்தப் பேர். கூட்டம் இல்லாத நேரங்களில் மாடியக்கா அதில் உட்கார்ந்து இடது முழங்கையை ஊன்றி, வருகிறவர்களை வேடிக்கை பார்ப்பாள். எவர் எந்தப் பெட்டி முன்னால் நிற்பார், எவர் படிக்காமலே தலையாட்டிவிட்டு நகர்வார் என்று முன்கூட்டியே மனசுக்குள் சொல்லிப் பார்ப்பாள். பாதிக்கு மேல் சரியாக இருக்கும்.

அந்த நாற்காலிக்குத்தான் ஆபத்து வந்தது.

அருங்காட்சியகங்களுக்குப் போகிற அரசாங்கப் பணம் எங்கே போகிறது என்று பார்க்க ஒரு குழு வரப்போவதாகச் செய்தி. இதற்கு முன்னால் வந்த குழு, பழம்பொருளைப் பராமரிக்கக் கொடுத்த பணத்தில் மேசை நாற்காலி வாங்கிக் குவித்திருக்கிறார்கள் என்று எழுதிவிட்டுப் போயிருந்தது. அதனால் அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் முந்திக்கொண்டார். காட்சிக் கூடங்களில் பதிவேட்டு எண் இல்லாத சாமான் ஒன்றுகூட இருக்கக்கூடாது, எல்லாம் முற்றத்துக்கு இறங்க வேண்டும், ஏலம் விடப்படும் என்று உத்தரவு போட்டார். கீழ்த்தளத்து பிளாஸ்டிக் ஸ்டூல்கள் முதல் நாளே போய்விட்டன. காவலுக்கு நிற்பவர்கள் எதில் உட்காருவது என்று கேட்டதற்கு, நீங்கள் ஒப்பந்த ஆட்கள், ஏஜென்சியைக் கேளுங்கள் என்றார். ஏஜென்சி சூப்பர்வைசரோ, கட்டடம் அவர்களுடையது, அவர்களைக் கேளுங்கள் என்றார். இரண்டு பேரும் மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

அன்று வீட்டில், கால்களைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு மாடியக்கா புருஷனிடம் கேட்டாள். அவர் தையல்காரர். மெஷினை விட்டு எழாமல் பேசுகிறவர்.

"ஏங்க, அந்தக் குழு யாரோட பணத்துக்குக் கணக்கு கேக்குது?"

"நம்ம பணத்துக்குத்தான். நூல்கண்டு வாங்கினாக்கூட வரி கட்டறோமே, அது எங்க போகுதுன்னு நினைச்சே?"

"அப்போ அந்த நாற்காலியில எனக்கும் பங்கு இருக்கா?"

அவர் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே யோசித்தார். "இருக்கும். ஒரு கால்ல அடித்துண்டு தேறும்."

"எந்தக் கால்ல?"

"குட்டையா இருக்கறதுல. அதான் குறையுது."

அவள் சிரித்துவிட்டாள். பிறகு காலைப் பார்த்தாள், சிரிப்பு நின்றுபோனது. "நாற்காலி போச்சுன்னா நானும் போக வேண்டியதுதாங்க. முடியாது என்னால" என்றாள். அவர் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்து, அவள் கணுக்காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். 

மறுநாள் ஆணியண்ணனிடம் புலம்பினாள். அவர் பையில் துழாவி ஒரு சின்னப் பித்தளை வில்லையை எடுத்துக் காட்டினார். அங்கே சேகரிப்பில் இருக்கிற ஒவ்வொரு பொருளிலும் அப்படி ஒரு வில்லை இருக்கும், எண் பொறித்து.

"இது எதோடது அண்ணே?"

"ஒரு மரப்பெட்டி இருந்துச்சு. கரையான் தின்னுடுச்சு. வில்லைய மட்டும் விட்டுட்டுப் போச்சு. பித்தளை அதுக்குப் பிடிக்காதாம்." ஆணி கவ்விய உதட்டோடு சிரித்தார். "பதிவேட்டுல அந்தப் பக்கத்தையும் தின்னுடுச்சு. அதனால பெட்டி போனது யாருக்கும் தெரியாது. இதை உன் நாற்காலி முதுகுல அடிச்சுடறேன். எண் இருக்கற சாமானை இந்தக் கட்டடத்துல எவனும் தொடமாட்டான்."

"தொடமாட்டாங்க சரி. நான் உக்காரலாமா?"

"குழு வந்துட்டுப் போற வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு நில்லும்மா. அப்புறம் நானே பிடுங்கிடறேன். உன் நாற்காலி உனக்கு."

வேறு வழி தெரியவில்லை. சுத்தியலால் இரண்டே தட்டில் வேலை முடிந்தது. ஏலத்துக்குச் சாமான் இறக்க ஊழியர்கள் வந்தபோது தூணுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்கள், வில்லையைப் பார்த்தார்கள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மாடியக்காவுக்கு வேடிக்கையாக இருந்தது. நேற்று வரைக்கும் காலால் தள்ளிவிட்டு நடந்தவர்கள்தான் அவர்கள்.

குழு வந்தது. ஏழெட்டுப் பேர். தலைவியம்மா ஒல்லியாக, கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். எதைப் பார்த்தாலும் கேள்வி. இது ஏன் இங்கே இருக்கிறது, யார் முடிவு செய்தார்கள், இந்த விளக்கு ஏன் எரியவில்லை, இந்தக் குறிப்பைப் படித்து யாருக்காவது ஏதாவது புரிந்திருக்கிறதா. கண்காணிப்பாளர் கைக்குட்டையை எடுப்பதும் மடிப்பதுமாக இருந்தார். மாடியக்காவுக்கு அந்த அம்மாவைப் பிடித்துப்போனது. தானும் பல வருஷமாக இதையெல்லாம்தான் கேட்க நினைத்திருக்கிறோம் என்று தோன்றியது.

தலைவியம்மா அவளிடமும் வந்தார். "நீங்கதான் ஜனங்களைத் தினமும் பாக்கறீங்க. அவங்க அதிகமா என்ன கேப்பாங்க?"

"கழிவறை எங்க இருக்குன்னுதாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். தலைவியம்மா சிரிக்காமல், "அதுக்கு அடுத்தது?" என்றார்.

"உக்கார இடம் எங்கன்னு கேப்பாங்க."

கூட வந்த உதவியாளர் குறித்துக்கொண்டார். தலைவியம்மா தலையை அசைத்துவிட்டுத் திரும்பியபோது தூணுக்குப் பின்னால் பித்தளை மின்னியது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போனார். காலையில் துடைத்த துணியை மாடியக்கா பழக்கத் தோஷத்தில் நாற்காலிக் கையில் போட்டிருந்தாள்.

"எண் வச்ச பொருள் ஏன் மூலையில கிடக்குது? இது மேல அழுக்குத் துணி வேற."

கண்காணிப்பாளர் நாற்காலியைப் பார்த்தார், வில்லையைப் பார்த்தார். தெரியாது என்று சொல்ல முடியாத நாள் அது. "பராமரிக்க நிதி கேட்டிருக்கோம் மேடம். இன்னும் ஒதுக்கலை" என்றார்.

"நிதி வரலைன்னா துணி காயப் போடுவீங்களா? இது ஜனங்களோட சொத்து." தலைவியம்மாவின் குரல் உயர்ந்துவிட்டது. பிறகு மாடியக்கா பக்கம் திரும்பி, அவளைத் திட்டாத குரலில் கேட்டார். "நீங்க சொல்லுங்கம்மா. இதுல யாராவது உக்காருவாங்களா?"

கூடத்தில் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். கண்காணிப்பாளர் கைக்குட்டையோடு பார்த்தார். விளக்கைச் சரிசெய்ய வந்த சாக்கில் வாசலில் நின்ற ஆணியண்ணன், உதட்டு ஆணியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். ஆமாம் என்றால், உட்காருகிற நாற்காலிக்கு எண் எப்படி வந்தது என்று அடுத்த கேள்வி வரும் என்பது அவளுக்குத் தெரியும். எண்ணை மாற்றி வைத்தவருக்கு வேலை போகும், போலீஸ் வரைக்கும்கூடப் போகும்.

"இல்லைங்க" என்றாள். "நான் யாரையும் உக்கார விடமாட்டேன்."

"ரொம்ப சந்தோஷம்" என்றார் தலைவியம்மா. மனசாரத்தான் சொன்னார்.

கவனிப்பாரில்லாத பொருள்களுக்கென்று ஒரு சிறப்பு நிதி இருந்ததாம். அதிலிருந்து நாற்காலிக்கு உடனே ஒதுக்கினார்கள். கண்காணிப்பாளரால் நம்பவே முடியவில்லை. ஒழுகுகிற கூரைக்கு அவர் எழுதி எழுதி ஓய்ந்துபோயிருந்தார். ஒரு தடவைகூடக் கேட்காத நாற்காலிக்குக் கொட்டிக் கொடுத்துவிட்டார்கள். கண்ணாடிக் கூண்டு, உள்ளே விளக்கு, ஈரம் பார்க்கிற கருவி, சுற்றிலும் கயிறு. மேடை செய்கிற வேலை ஆணியண்ணன் தலையில் விழுந்தது.

"அண்ணே, இப்பவாவது பிடுங்கிடுங்க" என்றாள் மாடியக்கா.

"இப்போ பிடுங்கினா திருட்டும்மா. காகிதத்துல ஏறிடுச்சு." அவர் மேடைப் பலகையை இழைத்துக்கொண்டே தலை குனிந்திருந்தார். "அன்னிக்கு வாயில இருந்த ஆணிய முழுங்கித் தொலைச்சிருக்கலாம்."

மறுநாள் தன் பட்டறையிலிருந்து ஒரு முக்காலி கொண்டுவந்து தூணுக்குப் பின்னால் வைத்தார். அன்று சாயங்காலமே அது முற்றத்துக்கு இறங்கியது. எண் இல்லையே.

பிறகு ஒரு நிபுணர் வந்தார். நல்ல மனிதர். வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, நாற்காலியை மெத்தை விரித்த மேசையில் கவிழ்த்துப் போட்டு, சின்ன விளக்கடித்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். மாடியக்கா பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தாள். நாற்காலியின் அடிப்பக்கத்தை அவள் பார்த்ததே இல்லை. அங்கே யாரோ எப்போதோ கத்தியால் கீறிய கோடுகள் இருந்தன. அவளுக்கு முன்னால் யார் யார் அதில் உட்கார்ந்தார்களோ, அவர்களும் காவலுக்கு இருந்தவர்கள்தானோ, மணி அடிக்கக் காத்திருந்த பொழுதில் கீறினார்களோ என்று யோசித்தாள். இத்தனை நாள் இதை யோசிக்காமல் போனோமே என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"கீழ என்ன இருக்குதுங்க?" என்று கேட்டாள்.

அவளும் ஆர்வமாகக் கேட்டதில் அவருக்குக் கொள்ளை சந்தோஷம். "இங்க பாருங்கம்மா. இடது கைப்பிடி மட்டும் குழிஞ்சிருக்கு பாத்தீங்களா? இதுல உக்காந்தவர் இடது பக்கமா சாஞ்சு உக்காருவார். வருஷக்கணக்கா. பெரிய அதிகாரியா இருந்திருக்கணும். எதிர்ல ஆளுங்களை நிக்க வச்சுப் பேசறவங்கதான் இப்படிச் சாஞ்சு உக்காருவாங்க."

மாடியக்கா இடது முழங்கையை வலது கையால் மூடிக்கொண்டாள். அங்கே தோல் கறுத்துக் காய்த்துப்போயிருந்தது.

குட்டைக் காலின் அடியில் எதையோ மடித்துச் செருகியிருந்ததை அவர் இடுக்கியால் மெல்ல இழுத்தார். மாத்திரை தீர்ந்த வெள்ளி அட்டை. கால்வலிக்கு அவள் போடுகிற மாத்திரைதான்; நாற்காலி ஆடாமல் இருக்க நாலாக மடித்து அவளே வைத்தது. அவர் அதைப் பார்த்து முகம் சுளித்தார். "யாரோ பொறுப்பில்லாதவங்க. பின்னாடி வந்த குப்பை." ஆனாலும் நிபுணர் அல்லவா, எறியவில்லை. ஒரு சின்ன உறையில் போட்டு ஒட்டிவைத்தார்.

"அதையும் வச்சுக்குவீங்களா?" என்றாள்.

"எதுவா இருந்தாலும் பத்திரப்படுத்தணும்மா. அதுதான் எங்க வேலை."

கூண்டு தயாராவதற்குள் அவள் இடது கணுக்காலில் தோல் கறுத்து அரிக்க ஆரம்பித்துவிட்டது. சொறியக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு மத்தியானம், கூடத்தில் ஈ காக்கை இல்லாத நேரமாகப் பார்த்து ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த சுகத்தில் கண்ணை மூடிவிட்டாள். திறந்தபோது சூப்பர்வைசர் எதிரே நின்றார்.

"இன்னொரு தடவை பாத்தேன்னா வீட்லயே உக்காந்துக்கலாம் நீங்க" என்றார். அவர் சின்ன வயசுக்காரர். சொல்லிவிட்டு அவள் காலைப் பார்த்தார், அவசரமாகப் பார்வையைத் திருப்பிக்கொண்டார். "எனக்கும் மேல ஆள் இருக்காங்கக்கா."

அன்று இரவு புருஷனிடம் சொன்னாள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. நாளைக்கே போய் உள்ளதை உள்ளபடி சொல் என்றார். "சொன்னா ஆணியண்ணன் போயிடுவாருங்க" என்றாள். "அப்போ அந்தம்மாகிட்டயே கேளு. கேள்வி கேக்கறவங்கதானே, நீ கேட்டா ஒண்ணும் கோவிச்சுக்கமாட்டாங்க. அது இல்ல, வேற ஒண்ணு குடுங்கன்னு கேளு." அது அவளுக்குச் சரியாகப் பட்டது. வாக்கியத்தைப் பஸ்ஸில் மனசுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

கூண்டைத் திறந்துவைக்கத் தலைவியம்மா வந்தார். விளக்கு போட்டதும் எல்லோரும் கை தட்டினார்கள். நாற்காலியைத் துடைத்து எண்ணெய் பூசி, குட்டைக் காலுக்கு அளவாக ஒரு தாங்கு கொடுத்திருந்தார்கள். அது இப்போது ஆடவில்லை. இவ்வளவு அழகான சாமானிலா உட்கார்ந்திருந்தோம் என்று மாடியக்காவுக்கே சந்தேகம் வந்தது. தலைவியம்மா நேராக அவளிடம் வந்து, "நீங்கதானே இதைக் காப்பாத்தினது? எனக்கு ஞாபகம் இருக்கு. உங்களுக்கு இங்க வசதியெல்லாம் எப்படி?" என்று கேட்டார்.

"அம்மா, எங்களுக்கு உக்கார ஒரு நாற்காலி வேணுங்க. பழசா இருந்தாலும் பரவாயில்ல. கால்ல நோய். நாள் பூரா நிக்க முடியல."

சொல்லிவிட்டாள்.  தலைவியம்மா அவள் காலைப் பார்த்தார். பார்வையை உடனே திருப்பவில்லை. பிறகு கண்காணிப்பாளரைப் பார்த்தார்.

"இவங்க ஒப்பந்த ஆளுங்க மேடம்" என்றார் கண்காணிப்பாளர். "சாமான் வாங்கறதுக்கு நம்ம பட்ஜெட்ல தலைப்பு இல்ல. போன தடவை வாங்கினதுக்குத்தான் குழு..."

"தெரியும்" என்றார் தலைவியம்மா. கொஞ்ச நேரம் கண்ணாடிக் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.  "குறிச்சுக்கோங்க" என்றார் உதவியாளரிடம். உதவியாளர் குறித்துக்கொண்டார். புகைப்படக்காரர் எல்லோரையும் கூண்டுக்குப் பக்கத்தில் வரச் சொன்னார்.

அதன் பிறகு மேல்மாடிக்குக் கூட்டம் கூடியது. செய்தியில் வந்த நாற்காலியைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். கூட்டம் இருந்ததால் ஜன்னல் விளிம்புகூட இல்லாமல் போனது. மாடியக்கா கயிற்றுக்குப் பக்கத்தில் நின்றாள். கணுக்காலில் கட்டுப் போட்டிருந்தது. கட்டு தெரியாமல் இருக்கக் காலுறையை மேலே இழுத்து விட்டிருந்தாள். கூண்டின் அடியில் வைத்திருந்த குறிப்பை அவள் எத்தனையோ முறை படித்துவிட்டாள். மர நாற்காலி, அமர்ந்தவர் யாரெனத் தெரியவில்லை என்று போட்டிருந்தது.

ஒரு நாள் மத்தியானம் வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்தி படியேறி வந்தாள். மூச்சு வாங்கியது. கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அக்கா, இங்க உக்கார எங்கயாவது இடம் இருக்கா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா" என்றாள் மாடியக்கா. "இந்தத் தூண்ல சாஞ்சுக்கோ. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

அந்தப் பெண் தூணில் சாய்ந்தாள். மாடியக்காவும் எடையை வலது காலுக்கு மாற்றிக்கொண்டாள். கூண்டு விளக்கு வெளிச்சத்தில் கண்ணாடியில் அவள் உருவம் தெரிந்தது. கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்து பார்த்தாள். ஒரு இடத்தில் நின்றால் அவள் பிம்பம் நாற்காலியின் முதுகுச் சட்டத்தில் சரியாகப் பொருந்தி, தோளும் தலையும் உட்கார்ந்திருப்பது மாதிரியே தெரிந்தது. முழங்கையை மடித்தாள். குழிந்த கைப்பிடிக்கு மேலே அதுவும் வந்து உட்கார்ந்தது.

"கொஞ்சம் தள்ளி நிக்கறீங்களா?" என்றார் பின்னாலிருந்து ஒருவர், கைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி. "நாற்காலி மறையுது."

அவள் தள்ளி நின்றாள்.